பியானோவையே தொழிலாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

ஜூன் மாதம் வந்தால் என்னிடம் இரண்டு கேள்விகள் வரும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர், "எத்தனை மாசத்துல வாசிப்பான் சார்?" என்று கேட்பார்கள். இசைத் தேர்வுகளில் எட்டாவது கிரேடு முடித்த பதினாறு வயதுக்காரர்கள், அப்பா வண்டியை எடுக்கப் போன நேரம் பார்த்து மெதுவாகக் கேட்பார்கள்: "சார், இதையே தொழிலா வச்சுக்க முடியுமா?" நான் எழுத உட்கார்ந்தது இரண்டாவது கேள்விக்காகத்தான். ஆனால் அதற்கான பதில், முதல் நாள் எந்தக் கருவியில் கை வைத்தோம் என்பதிலிருந்தே தொடங்கிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. மேடையில் வாசிப்பது ஒரு தொழில், சொல்லிக்கொடுப்பது அது கிடைக்காதவர்களுக்கான தொழில் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பியானோவுக்கென்றே எழுதிய இசையமைப்பாளர் ஷோப்பானைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் அவர் வாசித்த பொதுக் கச்சேரிகள் சுமார் 30தான். பாரிஸில் அவர் குடித்தனம் நடந்தது பாடம் சொல்லிக்கொடுத்த காசில். ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். ஜெர்மன் பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் ஏறக்குறைய 60 வருடம் மேடையில் இருந்தவர். அவரும் 1878 முதல் பிராங்க்பர்ட்டில் இசைக்கல்லூரி ஆசிரியர். வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் சேர்ந்த ஒரே வேலைதான் இது. அப்படி நினைத்து உள்ளே வருகிறவர்கள்தான் நாற்பது வயதிலும் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இது நான் கண்ணால் பார்த்தது.

கருவி

சில வருடம் முன்பு எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். இரண்டு வருடம் கீபோர்டில் படித்தவள். என் வீட்டில் இருக்கும், நிமிர்ந்த பெட்டி மாதிரியான அப்ரைட் பியானோவில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பாட்டை வாசித்தாள். பாதி ஸ்வரம் கேட்டது, மீதி கேட்கவில்லை. கட்டை கீழே போகிறது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ரிப்பேரா?" என்றாள்.

ரிப்பேர் இல்லை. சாதாரணக் கீபோர்டில் கட்டைக்குக் கீழே இருப்பது ஸ்பிரிங்கும் மின்தொடர்பும். தொட்டால் சத்தம் வந்துவிடும். பியானோவில் கட்டை சுமார் ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போது, உள்ளே ஒரு சுத்தியலைக் கம்பியை நோக்கி வீசுகிறது. வேகமாக வீசினால் சத்தம் பெரிது, மெல்ல வீசினால் சிறிது, ரொம்ப மெல்ல என்றால் சுத்தியல் கம்பி வரைக்கும் போகாமலே திரும்பிவிடும். 1700 வாக்கில் புளோரன்ஸ் நகரத்தில் கருவி செய்பவரான கிறிஸ்டோஃபோரி செய்த காரியம் இதுதான். மெல்லவும் பலமாகவும் வாசிக்கக்கூடியது என்பதால்தான் பியானோஃபோர்ட்டே என்ற பெயரே வந்தது. அந்தப் பெண்ணின் விரல்களுக்கு இந்த எடையைப் பழக்க எட்டு மாதம் ஆனது. அவளுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்.

ஆகவே 61 கட்டைக் கீபோர்டை வாங்கிவிட்டு, "ஆர்வம் இருந்தால் பிறகு பெரிசு வாங்கலாம்" என்று நினைக்காதீர்கள். 88 கட்டை உள்ள, சுத்தியலின் எடையைக் கையில் உணர்த்தும் டிஜிட்டல் பியானோ அரை லட்சம் ரூபாயை ஒட்டிய விலையிலேயே கிடைக்கிறது. கடையில் 'வெயிட்டட் கீஸ்' என்று கேட்டால் காட்டுவார்கள். பெடல், உயரம் சரியான ஸ்டூல் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். நான்கைந்து வருடம் அது தாங்கும்.

அப்புறம் நிஜ பியானோ. பழைய அப்ரைட் வாங்குவதாக இருந்தால், முன்பணம் கொடுக்கும் முன், சுருதி சேர்க்கும் ட்யூனர் ஒருவரை அழைத்துப்போங்கள். சுருதி கலைந்திருப்பது பெரிய விஷயமில்லை. கம்பி சுற்றப்பட்டிருக்கும் முளைகள் இறுக்கம் விட்டுப்போயிருந்தால்தான் ஆபத்து. எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் வாரத்தில் இறங்கிவிடும். துரு, பூச்சி அரித்த ஃபெல்ட், பின்பலகையில் விரிசல் இவற்றையும் அவர் பார்த்துச் சொல்வார்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றின் ஈரம் பியானோவுக்குப் பெரிய எதிரி. அதற்கு ஏற்றது 40-லிருந்து 60 சதவீதத்துக்குள் உள்ள ஈரப்பதம். நம் ஊரில் 70-ஐத் தாண்டாத நாளைத் தேட வேண்டும். மழைக்காலத்தில் கட்டை ஊதி மாட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டியோ ஏசி நேராக அடிக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். பழைய வீடுகளில் கீழ்ப்பலகைக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டு வைத்திருப்பார்கள். அந்த வெப்பத்தில் உள்ளே ஈரம் தங்காது. இப்போது அதற்கென்றே ஹீட்டர் கம்பிகள் வந்துவிட்டன. உள்ளே 200-க்கு மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்

கர்நாடக சங்கீதத்தில் 'யாரிடம் பாடம்?' என்று கேட்பது நமக்கு இயல்பு. பியானோவிலும் அதே பரம்பரைக் கணக்கு உண்டு. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷர், ஆர்தர் ஷ்னாபெலின் மாணவர். ஷ்னாபெல், லெஷெடிட்ஸ்கியிடம் படித்தவர். லெஷெடிட்ஸ்கி செர்னியிடம். செர்னி பேத்தோவனிடம். இடையில் மூன்றே பேர். சிறுவனாக வந்த ஃபிளைஷரைச் சேர்த்துக்கொள்ள ஷ்னாபெல் போட்ட நிபந்தனை, படிக்கும் காலத்தில் கச்சேரி வாசிக்கக்கூடாது என்பது. பிள்ளையை ஆறு மாதத்தில் மேடை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது, கூச்சப்படாமல் மூன்று விஷயம் கேளுங்கள். நீங்கள் யாரிடம் படித்தீர்கள்? கடைசியாக எப்போது பத்துப் பேர் முன்னால் வாசித்தீர்கள்? இன்னொரு பிள்ளையின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா? மூன்றாவதற்கு முகம் சுளிக்கிறவரிடம் போகாதீர்கள்.

நான் பதினைந்து வயது வரை படித்த இடத்தில், வருடம் முழுக்க தேர்வுக்கான மூன்று உருப்படிகள்தான். அந்த மூன்றும் பிரமாதமாக வரும். புதிதாக ஒரு தாளை முன்னால் வைத்தால் ஒன்றும் ஓடாது. நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டே போனதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய எனக்கு இருபத்திரண்டு வயது வரை ஆனது. வருடத்துக்கு இருபது முப்பது சின்ன உருப்படிகளாவது பிள்ளை கையில் போய் வர வேண்டும். ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் தம் மகனுக்குப் பாடமாகப் பயன்படுத்தியவையும் சேர்ந்த 153 சின்ன உருப்படிகள், ஆறு தொகுதிகளாக மைக்ரோகாஸ்மாஸ் என்ற பெயரில் இருக்கின்றன. அங்கிருந்து எடுக்கலாம்.

சாதகம்

இந்தப் பகுதியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். எத்தனை மணி நேரம் என்று கேட்கிறவர்கள் அதிகம், அந்த நேரத்தில் என்ன செய்வது என்று கேட்கிறவர்கள் குறைவு.

நேரம் பற்றி என் கணக்கு இது. ஏழு வயதில் 20 நிமிடம், பத்து வயதில் முக்கால் மணி, பதினான்கில் இரண்டு மணி. தொழில் என்று முடிவெடுத்த பிறகு நான்கு மணி, அதுவும் இடையில் எழுந்து நடந்து. ஷோப்பான் தம் மாணவர்களை நாளுக்கு மூன்று மணிக்கு மேல் வேண்டாம் என்றே தடுத்தார்.

அவரிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் சி மேஜர் ஸ்கேல் என்ற ஸ்வர வரிசையில் தொடங்குவோம், எல்லாம் வெள்ளைக் கட்டை, சுலபம் என்று. அவர் கையை முதலில் வைக்கச் சொன்ன இடம் ஈ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி. வைத்துப் பாருங்கள். நீளமான நடு மூன்று விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளில் உட்காரும், குட்டையான பெருவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில் விழும். கை தானாகவே வளைந்துகொள்கிறது. வாசிக்க சி மேஜர் சுலபமாகத் தெரிந்தாலும், கைக்குச் சுலபமானது இதுதான்.

இப்போது ஒரு உருப்படியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இரண்டு கைக்கும் ஆளுக்கொரு வரியாக எழுதிய இன்வென்ஷன்கள் 15-இல் முதலாவது, சி மேஜர். மொத்தம் 22 பார், அதாவது தாளக் கட்டம். முதல் பாரில் வலது கை ஒரு சின்ன மௌனத்துக்குப் பிறகு ஏழு ஸ்வரம் ஓடுகிறது: சி, டி, ஈ, எஃப், டி, ஈ, சி. அது ஜி-யில் போய் இறங்கும் நேரத்தில், இடது கை அதே ஓட்டத்தைக் கீழ் ஸ்தாயியில் தொடங்குகிறது. ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்வது மாதிரி.

பெரும்பாலான பிள்ளைகள் இதை இரண்டு கையாலும் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பார்கள். தடுக்கி விழுந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரம் போயிருக்கும், தவறு மட்டும் நன்றாக மனப்பாடம் ஆகியிருக்கும். நான் செய்யச் சொல்வது இது. முதல் நாள் இரண்டே பார், ஒரு கை மட்டும், தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50-இல் வைத்து. அடுத்த நாள் மற்றக் கை. மூன்றாம் நாள் வலது கையை வாசித்துக்கொண்டே இடது கையின் வரியைப் பாட வேண்டும். பிறகு மாற்றி. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதி நின்றால் போதும். பாட முடிந்த வரியைத்தான் காது நிஜமாகக் கேட்டிருக்கிறது. நான்காம் நாள் இரண்டு கையும் சேரும். அப்போது ஏற்கனவே பாதி வேலை முடிந்திருப்பதைப் பிள்ளையே கவனிக்கும். அந்த முகத்தைப் பார்க்க நான் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இந்த இன்வென்ஷனைச் சொல்லிக்கொடுப்பேன்.

தினமும் கடைசி பத்து நிமிடம், முன்பின் பார்க்காத ஒரு தாள். தவறினாலும் நிற்காமல் போக வேண்டும். நான் இழந்தது இதைத்தான்.

கிரேடு தேர்வுகள்

நம் ஊரில் இரண்டு வாரியங்கள் பிரபலம். ஒன்று 1889-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம், இன்னொன்று ட்ரினிட்டி காலேஜ் லண்டன். இரண்டிலும் எட்டு கிரேடுகள், அதற்குமேல் டிப்ளமோக்கள். ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் 150-க்கு 100 எடுத்தால் தேர்ச்சி, 120 மெரிட், 130 டிஸ்டிங்ஷன். அங்கே ஆறாவது கிரேடுக்குப் போகும் முன் ஐந்தாவது கிரேடு தியரி, அதாவது இசை இலக்கணத் தேர்வு, முடித்திருக்க வேண்டும். பலர் இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். நான்காவது கிரேடிலேயே தியரியை ஆரம்பித்துவிடுங்கள். ட்ரினிட்டியில் 100-க்கு 60 தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏடிசிஎல், எல்டிசிஎல், எஃப்டிசிஎல் என்று டிப்ளமோக்கள் மேலே போகும்.

எல்லா கிரேடும் எழுத வேண்டியதில்லை. மூன்று, ஐந்து, எட்டு போதும். இடையில் மிச்சமாகும் வருடங்களில் உருப்படிகளைக் கற்கலாம். எட்டாவது கிரேடு முடிந்தால் படிப்பு முடிந்தது என்று வீட்டில் இனிப்பு கொடுப்பார்கள். வெளிநாட்டு இசைக்கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகள் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருப்பார்கள்.

கல்லூரி

சென்னையிலேயே தொடங்குவதென்றால், 2008-இல் ஏ. ஆர். ரஹ்மான் ஆரம்பித்த கேஎம் இசைக் கல்லூரி இருக்கிறது. வெளியே போவதென்றால் காலண்டரை முதலில் பாருங்கள். பிரிட்டன் இசைக்கல்லூரிகளுக்கு விண்ணப்பம் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் பெரும்பாலும் டிசம்பர் முதல் தேதி வாக்கில். அதற்குள் முதல்கட்டத் தேர்வுக்கான வீடியோவும் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே நேரடித் தேர்வு பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. அப்படியென்றால் உருப்படிகள் முந்தைய ஏப்ரலிலேயே கையில் இருக்க வேண்டும்.

கேட்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி: பாக்கின் ஒரு பிரிலியூடும் ஃபியூகும், ஹைடன், மோட்ஸார்ட் அல்லது பேத்தோவனின் ஒரு சொனாட்டா, ஷோப்பானின் ஒரு எடியூட் (பயிற்சி உருப்படி), பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் பாணியில் ஒரு பெரிய படைப்பு, இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒன்று. பொதுவாக எல்லாம் மனப்பாடமாக.

செலவு என்றதும் மனம் உடைந்துவிட வேண்டாம். பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் 1928 முதல் யாரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அங்கே ஒரு வருடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பியானோ மாணவர்களைத்தான் சேர்ப்பார்கள். ஜெர்மனியில் பல மாநிலங்களின் அரசு இசைக்கல்லூரிகளில் கட்டணம் கிடையாது, ஜெர்மன் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். பதினைந்து வயதில் மொழிப் படிப்பைத் தொடங்கினால் சரியாக இருக்கும். எந்தக் கல்லூரி என்பதைவிட, அங்கே எந்த ஆசிரியரிடம் என்பதுதான் கேள்வி. விண்ணப்பிக்கும் முன்பே அந்த ஆசிரியருக்கு வீடியோ இணைத்து எழுதி, ஒரு சோதனைப் பாடம் கேளுங்கள். பலர் பதில் போடுவார்கள்.

மேடை

வீணையையோ வயலினையோ கலைஞர் தோளில் சுமந்து கொண்டுபோவார். பியானோக்காரருக்கு அந்த பாக்கியம் இல்லை. அரங்கில் என்ன இருக்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய், கட்டையின் எடையையும் பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதையும் பழகிக்கொள்ளுங்கள். ஸ்டூல் உயரத்தையும் அப்போதே சரிசெய்யுங்கள்.

ஒரு மணி நேர நிகழ்ச்சியைத் தயார் செய்ததும் நேராகப் பெரிய அரங்குக்குப் போகாதீர்கள். நண்பர் வீட்டுக் கூடத்தில், பள்ளியில், தேவாலயத்தில் என்று ஐந்து முறையாவது அதே நிகழ்ச்சியை வாசியுங்கள். எந்த இடத்தில் மறதி வரும் என்பது வீட்டில் தெரியாது. ஒவ்வொரு உருப்படியிலும் ஏழெட்டு இடங்களைக் குறித்து, எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கப் பழகுங்கள். மேடையில் கை நின்றுபோனால் அடுத்த குறிக்குத் தாவலாம்.

மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கும் வேலையை ஒதுக்காதீர்கள். பாடகர்களுக்கும் வயலின் மாணவர்களுக்கும் தேர்வுக்காலத்தில் பியானோ துணை எப்போதும் தேவைப்படுகிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மாதிரி சென்னையில் நூறு வருடத்துக்கு மேலாகப் பாடிவரும் சேர்ந்திசைக் குழுக்கள் இருக்கின்றன. டிசம்பர் முழுக்க ஒத்திகைகளுக்குக் கை வேண்டும். சைட் ரீடிங், அதாவது புதுத் தாளைப் பார்த்ததுமே வாசிப்பது, தெரிந்தவருக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது.

போட்டிகளைப் பற்றி ஒரே ஒருவர் கதையைச் சொல்கிறேன். வியட்நாம் போர் நடந்த காலம். ஹனோய் இசைப்பள்ளியைக் கிராமத்துக்கு மாற்றினார்கள், பியானோவை எருமைகளை வைத்து இழுத்துக்கொண்டுபோனார்கள். அங்கே தாயிடம் படித்துக்கொண்டிருந்த சிறுவன் டங் தாய் சொன். பிறகு மாஸ்கோவில் படித்து, 1980-இல் வார்சாவின் ஷோப்பான் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆள். அவர் வெற்றியோடு நின்றுவிடவில்லை, கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆசிரியரானார். அதே போட்டியை 2021-இல் வென்ற புரூஸ் லியுவும், 2025-இல் வென்ற எரிக் லுவும் அவரிடம் படித்தவர்கள்.

இந்தப் பெரிய போட்டிகளுக்கு முப்பதை ஒட்டி வயது வரம்பு இருக்கும். போகிறவர்கள் பரிசுக்காக மட்டும் போக வேண்டாம். அந்தத் தேதிக்காகச் சேர்த்த உருப்படிகள் உங்களிடமே இருக்கும்.

கை

வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு வாசித்தால் பலம் வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். மேலே சொன்ன ஃபிளைஷருக்கு 1964-இல், 36 வயதில், வலது கையின் இரண்டு விரல்கள் தாமாகச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. இரண்டு கையாலும் வாசிக்க முப்பது வருடம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் இடது கைக்கென்று எழுதியவற்றை வாசித்தார், இசைக்குழுக்களை நடத்தினார், பால்டிமோர் பீபாடி கல்லூரியில் பாடம் சொன்னார். கையால் வாசித்துக் காட்ட முடியாததால், வார்த்தையால் சொல்லக் கற்றுக்கொண்டதாகவும், அதனால் இன்னும் நல்ல ஆசிரியரானதாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

முதல் மாணவர்

சொல்லிக்கொடுப்பதைப் படிப்பெல்லாம் முடிந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். பதினேழு, பதினெட்டு வயதில், உங்கள் ஆசிரியரின் கண் பார்வையில், ஒரே ஒரு ஆரம்ப மாணவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வாசிக்கும்போது பெருவிரல் ஏன் மற்ற விரல்களுக்கு அடியில் உள்ளே போகிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முயலும்போதுதான், அது உங்களுக்கே பாதிதான் தெரியும் என்பது தெரியவரும்.

காசு விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். சம்பளம் மாதக் கணக்கா வகுப்புக் கணக்கா, பிள்ளை வராத வகுப்புக்கு மாற்று வகுப்பு எத்தனை, மே மாதம் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நம் ஊரில் ஆசிரியர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட்டே மாதக் கடைசியில் கஷ்டப்படுகிறார்கள். கேட்பதில் தவறே இல்லை.

ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பிள்ளையின் நோட்டில் மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். 'நன்றாகப் பயிற்சி செய்யவும்' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. '5, 6-ஆம் பார், இடது கை மட்டும், தினம் ஐந்து முறை' என்று எழுதினால் சங்கீதம் தெரியாத அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்க முடியும்.

முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக நிற்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் பியானோவின் மேல்மூடியைத் தூக்கி, ஒரு ஸ்டூல் மேல் ஏற்றி நிற்கவைத்து உள்ளே காட்டுங்கள். நீங்கள் ஒரு கட்டையை மிக மெல்ல அழுத்த, சுத்தியல் எழுந்து, கம்பியைத் தொடாமலே திரும்பி வரும். அதைப் பிள்ளை பார்க்கட்டும். இரண்டாவது முறை, கொஞ்சம் வேகமாக, பிள்ளையின் விரலாலேயே.